குழலில் ஒட்டியிருந்த கடுதாசி

சிட்னியின் பென்டில் ஹில்லில் என் காது பிரபலம். அதை நானே சொல்லிக்கொள்வதற்குக் காரணம், வேறு யாராவது சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பெயர் ஆனந்தராஜா. வாரநாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறுகளில் வீட்டுக் கராஜில் ஒலிப்பதிவு. அரங்கேற்றப் பாட்டு, கோவில் பஜனை எல்லாம் பழைய கம்பளி தொங்கும் அந்தச் சுவர்களுக்குள்தான் பதிவாகும். தம்பூராவின் தந்திக்கு அடியில் வைக்கும் நூல் ஒரு மயிரிழை விலகி ரீங்காரம் குறைந்தாலும் பதிவை நிறுத்திவிடுவேன். ஒருமுறை தம்பூரா மீட்ட வந்த பிள்ளை அழுதுகொண்டே போனது.

எங்கள் சனத்துக்கு மைக் என்றால் வாயோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும், "ஏன் அங்கிள் என்ர பிள்ளையின்ர குரலை அமத்துறீங்கள்?" என்று தாய்மார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பதினைந்து வருடமாக அப்படியே வைத்துப் பழகிவிட்டேன்.

போன சனிக்கிழமை வந்தவர் ஹுய்மின் என்ற பெண்மணி. என் மனைவி தனேஸ்வரியோடு மருந்துக்கடையில் வேலை செய்பவர், ஐம்பது வயது இருக்கும். மூங்கிலில் செய்த சீனக் குழல் ஊதுவார். மெல்பேர்னில் ஒரு சீன இசைக்குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரே மூச்சில் வாசித்த, வெட்டு ஒட்டு இல்லாத பதிவொன்றை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இந்த இடத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தாராம். அப்போது இரண்டரை மணி.

நான் மைக்கைக் கொண்டுபோய் அவருடைய உதட்டருகே வைத்தேன். அவர் அதை மெல்லத் தள்ளினார்.

"கொஞ்சம் தூரம் போகட்டும். ஒரு மீற்றர். என் தலைக்கு மேலிருந்து குழலின் நடுவைப் பார்க்கட்டும்" என்றார் ஆங்கிலத்தில். "வாயருகே வைத்தால் என் மூச்சுத்தான் கேட்கும். இதன் சத்தம் குழல் முழுவதிலிருந்தும் வருகிறது."

எனக்கே பாடமா என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் தள்ளி வைத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவர் ஊதினார். ஹெட்போனில் ஒரே இரைச்சல். ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் வயரை மாற்றினேன், மூன்றாம் தரம் மைக்கையே மாற்றினேன். இரைச்சல் போகவில்லை.

"நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கள், நான் சரிபண்ணிவைக்கிறேன்" என்று அவரைக் குசினிக்கு அனுப்பினேன்.

மேசையில் கிடந்த குழலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை. அதன் மேல் சுருங்கிப்போன மெல்லிய கடுதாசி போல ஏதோ ஒட்டியிருந்தது. ஆஹா, கள்ளன் அகப்பட்டான்! ஏதோ வெடிப்பை மறைக்கப் பாவம் ஒட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நகத்தால் நோண்டினேன். க்ர்ர் என்று வந்துவிட்டது. அதை உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பெருமையோடு கையைத் தட்டிக்கொண்டேன்.

ஹுய்மின் திரும்பி வந்து ஊதினார். வெறும் காற்று. இன்னொரு தரம் ஊதினார், அப்போதும் காற்றுத்தான். குழலைத் திருப்பிப் பார்த்தவருடைய முகம் வெளுத்தது.

"சவ்வைக் காணோம்" என்றார். "நாணலுக்குள்ளிருந்து எடுக்கிற சவ்வு. அது அதிர்ந்தால்தான் இந்தக் குழல் பேசும். வேறு சவ்வெல்லாம் ஹேர்ஸ்ற்வில்லில், என் வீட்டில். போய் வர இரண்டு மணித்தியாலம்."

மூன்றரை ஆகியிருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"காத்துக்குப் பறந்திருக்கும்."

நான்கு பக்கமும் கம்பளி மூடிய, ஈ கூட வழி கேட்டு வரவேண்டிய அறை அது. குசினி வாசலில் நின்ற தனேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஹுய்மின் கண்ணை மூடி யோசித்தார். "வெங்காயம் இருக்கிறதா? உள்ளிப்பூண்டும் வேண்டும்."

தமிழ் வீட்டில் கேட்கிற கேள்வியா இது? தனேஸ்வரி பத்துக் கிலோ மூட்டையை இழுத்து வந்தாள். வெங்காயத்தின் அடுக்குகளுக்கிடையே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்குமே, அதுதான் வேண்டுமாம். ஒட்டுவதற்கு உள்ளிச் சாறு. உரிக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் மூன்றும் கிழிந்தன. என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அதில் பாதி வெங்காயத்துக்கு.

நான்காவது தோல் நின்றது. ஹுய்மின் அதைச் சுருக்கம் விழ ஒட்டி, ஊதி ஊதிக் காயவைத்தார். நாலரைக்கு வாசித்தார்.

இந்தத் தரம் நான் எதையும் தொடவில்லை. ஒரு மீற்றர் தள்ளி நின்ற மைக், அதே அதிர்வு. ஆனால் குழல் சிரித்தது, கோபித்தது, கடைசியில் என்னவோ கேட்டுவிட்டுப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது.

"எங்கே, போடுங்கள் கேட்போம்" என்றார்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். இரண்டரை மணிக்குத் தொடங்கிய பதிவை நான் நிறுத்தவே இல்லை. முழுவதும் ஒரே நீளப் பதிவு. தன் வாசிப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடி, ஹுய்மினே நடுவில் ஓரிடத்தைத் தட்டினார்.

ஒலிபெருக்கியில் என் குரல். "கண்டறியாத கடுதாசி. இரு, உன்னைக் கிழிச்சு எறியிறன்." பிறகு, துல்லியமாக, க்ர்ர்.

ஹுய்மினுக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சத்தம் தெரியும். தன் கையால் ஆயிரம் தரம் உரித்தவர்.

"மன்னிக்க வேண்டும்" என்றேன். "நான்தான் பிய்த்தேன்."

தனேஸ்வரி விடவில்லை. "தம்பூராவில நூல் விலகிப்போச்செண்டு அந்தப் பிள்ளையை அழவைச்ச மனுசன்தானே நீங்கள்? அவவின்ர நூலைப் பிடுங்கிப்போட்டுக் காத்து எண்டு சொல்லுறீங்கள்!"

அதை அவளே ஆங்கிலத்திலும் சொன்னாள், ஒரு சொல் விடாமல். ஹுய்மின் என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"நல்ல மைக்" என்றார். "ஒரு மீற்றர் தள்ளியிருந்தும் எல்லாம் கேட்கிறது."

நாலு ஐம்பத்தாறுக்கு அவருடைய வாசிப்பை மட்டும் பிரித்து அனுப்பினோம். அவருக்கு இடம் கிடைத்துவிட்டதாக நேற்றுச் செய்தி வந்தது. அன்று போகும்போது அந்த க்ர்ர் வரும் சிறு துண்டையும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இசைக்குழுவில் எந்த ஒலிப்பதிவுக்காரராவது குழலில் கைவைக்க வந்தால் போட்டுக் காட்டுவாராம்.

ஒரு பிரதியைத் தனேஸ்வரிக்கும் அனுப்பியிருக்கிறார். இப்போது நான் கூப்பிட்டால் மருந்துக்கடையில் அவளுடைய கைபேசி மணி அடிப்பதில்லை. க்ர்ர் என்கிறது.