ஆட்டுத் தீவில் கேட்ட குரல்

கியோஸ் தீவை விட்டுக் கிளம்பியதிலிருந்து எங்களுக்கு நல்ல காற்று. ஒவ்வொரு கோடையிலும் நானும் என் கணவன் இசிதோரோஸும் எங்கள் சின்னப் பாய்ப்படகில் தீவு தீவாகச் சுற்றுவோம். அந்த வருடம் அவன் தங்கை ரல்லூவும் ஏதென்ஸிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். வாய் ஓயாத பெண். அவள் இருந்தால் படகில் ரேடியோ தேவையில்லை.

அன்று நடுப்பகலில் காற்று ஒரேயடியாக நின்றுவிட்டது. எஞ்சினைப் போட்டு, ஆடுகள் மட்டும் மேயும் ஒரு பாறைத் தீவின் வளைவுக்குள் போய் நங்கூரம் போட்டோம். அடியில் சங்கிலி கிடப்பதுகூடத் தெரியும்படி தண்ணீர் அசையாமல் இருந்தது.

"மார்க்கெல்லா, காபி மிச்சம் இருக்கா?" என்றான் இசிதோரோஸ்.

"உன் தங்கச்சியக் கேளு. அவதான் குடிச்சா."

"குடிச்சு, கழுவியும் வெச்சேன். அதுக்கு ஒரு நன்றி கிடையாது இந்தப் படகுல" என்று சொல்லிவிட்டு ரல்லூ தண்ணீரில் குதித்தாள். கரையில் ஓரிகானோ தழை பறித்து வருவதாகத் திட்டம். இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருந்தாள்.

இசிதோரோஸ் தளத்தின் நிழலில் படுத்துத் தூங்கிப்போனான். நான் சாலட்டுக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கரையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"மார்க்கெல்லா, காபி மிச்சம் இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். அவன் என் காலடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எதிரொலி என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அவன் அதைக் கேட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. எந்தப் பாறை ஒரு பேச்சை அவ்வளவு நேரம் வைத்திருக்கும்?

யாராவது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்லாதே என்று எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கரையில் குனிந்திருந்த ரல்லூ நிமிர்ந்தாள். பாறைகள் இருந்த பக்கம் திரும்பி, "இதோ வர்றேன் அண்ணி" என்றாள்.

நான் அவளைக் கூப்பிடவே இல்லை.

எழுந்து நின்று கத்தினேன். "ரல்லூ, இங்க பாரு. நான் படகுல இருக்கேன்."

அவள் நெற்றியில் கை வைத்து என்னைப் பார்த்தாள். அதற்குள் பாறைகளுக்குப் பின்னாலிருந்து என் குரல் வந்தது. கத்தலாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல், நிதானமாக.

"ரல்லூ, இங்க பாரு. நான் படகுல இருக்கேன்."

"அது நான் இல்ல. வந்துடு" என்று அலறினேன்.

"அது நான் இல்ல" என்றது பாறை. "வந்துடு."

ரல்லூ என்னைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். பிறகு பாறையை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

இசிதோரோஸ் விழித்து, "யாரப் பாத்துக் கத்துற?" என்று தொடங்கியதும் அவன் வாயைப் பொத்தினேன். நாங்கள் சொல்வதையெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையிலிருந்து அவனுடைய குரலே காபி கேட்டது. என் கைக்கு அடியில் அவன் முகம் வெளிறிப்போனது.

சத்தம் வராமல் தண்ணீரில் இறங்கி, தலையை அமிழ்த்தி நீந்தினேன். மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதெல்லாம் என் குரல் காதில் விழுந்தது. வந்துடு, வந்துடு.

கரையேறியபோது ஆடுகள் மேயவில்லை. எல்லாம் ஒரே திசையில், பாறையைப் பார்த்து நின்றன. ரல்லூ பாறை நிழலுக்குள் கால் வைக்கப்போனாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். உதறிக்கொண்டு திரும்பியவள் என் முகத்தை அல்ல, என் உதடுகளைப் பார்த்தாள். நான் உதடுகளை இறுக மூடித் தலையாட்டினேன். அவள் ஓசையில்லாமல் அழத் தொடங்கினாள். நாங்கள் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

படகுக்கு வந்து சேர்ந்தபோது இசிதோரோஸ் நங்கூரத்தை மேலே தூக்கி வைத்திருந்தான். எஞ்சின் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக என்றும் இருந்ததில்லை. வளைவை விட்டு வெளியேறும்போது, அந்தச் சத்தத்தையும் மீறி, கரையில் மூன்று பேர் பேசிச் சிரிப்பது கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. குரல்கள் எங்களுடையவை.

நேராகத் துறைமுகத்துக்குப் போனோம். சாயங்காலம், ஜனக்கூட்டம் நிறைந்த கடையில் ஊசோ மதுவும் வறுத்த மீனும் வந்த பிறகுதான் ரல்லூ பேசினாள்.

"அண்ணி, கடைசில அது சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"வந்துடுன்னு சொன்னது கேட்டுச்சு. அது நான் கத்தினதுதான்."

"அது இல்ல. நீங்க தலையை முக்கி நீந்துறப்போ." அவள் கண்ணாடித் தம்ளரை மேஜையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "'அவ வர்றா, சீக்கிரம் உள்ள வா'ன்னுச்சு. உங்க குரல்லதான்."

இசிதோரோஸ் என்னைப் பார்த்தான். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் ரல்லூ கப்பல் ஏறிப் போய்விட்டாள். இப்போதும் ஏதென்ஸில் நன்றாகத்தான் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், போன வருடம் கல்யாணமும் செய்துகொண்டாள். போனில் கூப்பிட்டால் உடனே எடுப்பாள். ஆனால் எதுவும் பேச மாட்டாள். வீடியோவில் என் முகம் தெரிந்து, உதடு அசைவதையும் பார்த்த பிறகுதான், "சொல்லுங்க அண்ணி" என்பாள்.