சிவப்பில் நின்ற பெயர்

பனிச்சங்கேணி மீனவர் சங்கம் பெரிய சமூக வலைத்தளத்தை விட்டு வெளியேறியதே நல்லரத்தினத்தால்தான். போன மாரியில், காற்று மாறுகிறது, வாவிக்குள் இறங்காதீர்கள் என்று ஒருவர் அங்கே போட்ட செய்தி, சாறி விளம்பரங்களுக்கும் யாரோ நடிகையின் கல்யாணத்துக்கும் கீழே கிடந்து மூன்றாம் நாள்தான் ஆட்களின் கண்ணில் பட்டது. அதற்குள் நல்லரத்தினத்தின் தோணி கவிழ்ந்தபடி கரைக்கு வந்திருந்தது. ஆள் வரவில்லை.

பிறகு போன் திருத்துகிற நிதுர்ஷன், சங்கக் கட்டிடத்தில் ஒரு சின்னக் கணினியை வைத்து ஊருக்கென்றே ஒரு தளம் செய்தான். தோணி தள்ளும்போது 'போறன்' என்பதை அழுத்த வேண்டும். கரையேறியதும் 'வந்திட்டன்'. அப்போது எல்லோர் போனும் ஒருமுறை ஒலிக்கும். வராதவர் பெயர் மேலே சிவப்பில் நிற்கும். ஆளுக்கு ஏலாவிட்டால் வீட்டுக்காரர் அழுத்தலாம்.

பெயர்களைச் சங்கப் பதிவேட்டைப் பார்த்து ஏற்றினான். உடல் கிடைக்காதவனின் பெயரை, மனைவி தன் வாயால் சொல்லும்வரை அதில் வெட்டுவதில்லை. நல்லரத்தினத்தின் மனைவி கண்ணகை சொல்லவில்லை. வாவிக்குப் போனார் என்பதே அவள் புருசனின் கடைசிப் பதிவு. அதனால் முதல் நாளே நல்லரத்தினம் சிவப்பில் நின்றான்.

அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அந்தியில் எல்லாத் தோணியும் கரையேறிய பிறகும் அந்த ஒரு பெயர் மட்டும் வாவியில் இருந்தது. றால் உரித்து வெடித்த விரலால் கண்ணகை அதைத் தொட்டுப் பார்ப்பாள். அது செத்தவர்களின் பட்டியல் இல்லை, இன்னும் வராதவர்களின் பட்டியல். அவளுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு மீனவர் வேலாப்போடியின் தோணி வாவியில் பிரண்டு கவிழ்ந்தது. கண்டல் மரத்து வேரைப் பிடித்தபடி நான்கு மணித்தியாலம் கிடந்தார். சிவப்பைக் கண்டு ஒருவரும் பதறவில்லை. எப்போதும் நிற்கிற சிவப்புத்தானே.

மறுநாள் காலை, றால் உரிக்கிற வாடிக் கொட்டிலுக்குக் கண்ணகையைத் தேடி வந்தார்கள். சங்கத் தலைவி இராசாத்திதான் தொடங்கினாள்.

"மச்சாள், கோவிக்காத. பேரை எடுப்பமாகா?"

"அவரு உங்களுக்கு என்ன பாரமா இரிக்காரு?"

கையில் கட்டோடு நின்ற வேலாப்போடி முன்னால் வந்தார். "எனக்குப் பாரந்தான் புள்ள. நேத்து உன்ட புருசன்ட பேருக்குக் கீழ என்ட பேரும் நிண்டது. ஒரு நாய் திரும்பிப் பாக்கல்ல. ரெண்டு பேரும் ஒண்டாக் கள்ளுக்குப் போயிட்டாங்க எண்டு நினைச்சானுகளோ தெரியா."

அவர் மட்டும் சிரித்தார்.

கண்ணகை கையை உதறிக்கொண்டு நிதுர்ஷனைப் பார்த்தாள். "எப்பிடி எடுக்கிற?"

"நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் மாமி. நான் வெட்டிருவன்."

அவர் இனி இல்லை என்று சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். மடியிலிருந்து போனை எடுத்தாள்.

"மாமி, அது வேணாம்…" என்று நிதுர்ஷன் கை நீட்டுவதற்குள் 'வந்திட்டன்' என்பதை அழுத்திவிட்டாள்.

சிவப்பு அழிந்தது. இராசாத்தியின் இடுப்பில் போன் ஒலித்தது. வேலாப்போடியின் பைக்குள் ஒலித்தது. வாடி முழுக்க, துறை முழுக்க ஒலித்தது. நல்லரத்தினம் வந்திட்டார்.

துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்கள். ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கியே விட்டான்.

"ஒண்டுமில்லடா, ஏறுங்கடா!" என்று இராசாத்தி கத்தினாள்.

கண்ணகைக்கு அது கேட்கவில்லை. றால் கூடையைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் அவள் துறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.