மினாராவுக்குக் கூலி

காப்புறுதி முகவர் ஆதிலா தலைக்கவசத்தைக் கழற்றி இரும்புக் குழாய் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, றம்ஸீனின் மனைவி முஸ்பிறா கொண்டுவந்த பிளேன்டீயில் பாதியைக் குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். நற்பிட்டிமுனைப் பள்ளிவாசலின் மினாராக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டுகிற வேலைக்குக் காப்புறுதி செல்லாது. கூலி பேசி எழுத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளுக்கு மட்டும்தான் செல்லும். சும்மா செய்து கொடுக்கும் வேலையில் யாராவது விழுந்தால் கொம்பனி பொறுப்பேற்காது. அவள் கொழும்புக்கு இரண்டு முறை அழைப்பெடுத்துக் கேட்டிருந்தாள். வேறு வேறு ஆட்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

றம்ஸீன் குழாய்களைப் பார்த்தபடி இருந்தார். கட்டாரிலிருந்து திரும்பி வந்து முதன்முதலாக வாங்கிய குழாய்கள் அந்த அடுக்கின் அடியில் கிடந்தன. அவற்றை முதலில் நிறுத்தியது அந்தப் பள்ளிவாசலின் சுவரில்தான். வணங்குகிற இடத்துக்குப் போகும் குழாய்க்குக் கூலி வாங்குவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் நிய்யத்து வைத்தார். பிறகு பிள்ளையார் கோயில் கோபுரத்துக்குக் கேட்டு வந்தபோதும் அப்படியே கொடுத்தார். ஏறுகிறவர்களின் சம்பளம் அவருடைய கையிலிருந்து போகும். காப்புறுதி என்ற ஒன்று அவருடைய தொழிலுக்குள் வந்ததே சென்ற வருடம்தான். பாடசாலைக் கட்டட வேலைக்கு அது இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். வட்டி கலக்காத தகாபுல் முறையிலேயே எடுக்கலாம் என்று ஆதிலா வந்து விளக்கினாள். அதை எடுத்த நாளிலிருந்து, சாரத்தில் ஆட்கள் நிற்கும் நேரத்தில் போன் அடித்தால் அவர் முன்பு போலப் பதறி எழுவதில்லை. இவ்வளவு காலமும் இது இல்லாமல் எப்படித் தொழில் செய்தேன் என்று வியந்து, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார். அந்தப் பேச்சு இளையதம்பியின் வீடு வரை போயிருந்தது.

இளையதம்பிதான் எப்போதும் ஆக உயரத்துக்கு ஏறுகிறவன். அவனுடைய மனைவி கஜேந்தினி முந்தைய நாள் காலையில் வளவுக்கு வந்தாள். ஏழு மாத வயிறு. முஸ்பிறா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. பாடசாலையில் செல்லுபடியான காப்புறுதி பள்ளிவாசலிலும் செல்லுமா என்று கேட்டாள். ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் றம்ஸீன் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

“பள்ளிக்குச் சும்மா ஏறினாலும், விழுந்தா எலும்பு உடையிறது ஒரே மாதிரித்தானே காக்கா” என்றாள். கோபம் இல்லை. சந்தையில் மீனின் விலை கேட்கிற குரல். விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுத்தான் அவர் ஆதிலாவை அழைத்தார்.

“சின்னதா ஒரு தொகை போடுங்க காக்கா. ஒரு ரூபா எண்டாலும் போதும்” என்றாள் ஆதிலா இப்போது, மீதி பிளேன்டீயைக் குடித்தபடி.

“ஒரு ரூபா எண்டாலும் கூலி கூலிதானே மகள். அல்லாட ஊட்டுக்கு நான் வெச்ச நிய்யத்து அது.”

முஸ்பிறா கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அப்ப இளையதம்பிய ஏத்தாம நீங்களே ஏறுங்க. விழுந்தாலும் சும்மா விழுந்ததாப் போகும்.”

லொறிப் படியில் ஏறுவதற்கே மூச்சு வாங்குகிறவர் றம்ஸீன். ஆதிலா சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பினாள். ஒரு மூலையில் குழாய்களை இணைக்கும் கிளிப்புகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த இளையதம்பி, கஜேந்தினி சும்மா பயப்படுகிறாள் என்றும் தான் ஏறுவதாகவும் சொன்னான். அவன் சொன்னால் ஏறிவிடுவான் என்பது றம்ஸீனுக்குத் தெரியும். அதுதான் அவருக்குத் தொந்தரவாக இருந்தது.

“அவ பயப்புடுறது சும்மா இல்ல” என்றார். “இன்ஷூரன்ஸ் கவர் இல்லாம இனி ஒருத்தரும் ஏறத் தேவல்ல.”

சொன்ன பிறகுதான் தன் பேச்சின் அர்த்தம் அவருக்கே விளங்கியது. ஒன்று நிய்யத்தை விட வேண்டும். இல்லையென்றால் மினாரா இந்த நோன்புக்கும் பாசியோடுதான் நிற்கும்.

பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் பள்ளித் தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியாரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். ஹாஜியார் முதலில் நம்பவில்லை. நன்மைக்குச் செய்கிற வேலைக்கு மட்டும் காவல் இல்லை என்பது என்ன சட்டம் என்று கேட்டார். பிறகு காசு வேண்டாமென்றால் கஞ்சி இருக்கிறதே என்றார். நோன்பு முப்பதும் ஒரு வாளிக் கஞ்சி வளவுக்கு வரும், அதைக் கூலியாக எழுதட்டும். றம்ஸீன் அங்கே நின்றே ஆதிலாவுக்குப் போன் எடுத்தார். ஊருக்கெல்லாம் இலவசமாக ஊற்றுகிற கஞ்சியைக் கூலி என்று எழுத முடியாது என்று அவள் சொன்னாள். காசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சும்மா கிடைக்காத, விலை உள்ள ஒரு பொருளாக இருக்க வேண்டும்.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு மினாராவைப் பார்த்தார். அதை ஒட்டி ஒரு தென்னை நின்றது. பள்ளியின் மற்றத் தென்னைகளின் காய் ஒவ்வொரு வருடமும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஏலத்தில் போகும். இந்த மரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது வளைந்து கூரைக்கு மேலே நிற்கிறது. ஏறி வெட்டினால் குலை ஓட்டின் மேல் விழும். தானாக விழுந்த தேங்காய்கள் உடைத்த ஓடுகளைப் பள்ளி இரண்டு தடவை மாற்றியிருந்தது.

“ஸ்கபோல்டிங் நிண்டா அதுக்குக் கை எட்டுமா?” என்று கேட்டார்.

“மூணாம் தட்டுல நிண்டா எட்டும்.”

“அப்ப அந்த மரத்துட இளனி உங்கட கூலி. எங்களுக்கும் ஓடு மிஞ்சும்.”

கூலியாக வரும் இளநீர் முழுவதையும் கஜேந்தினிக்கே அனுப்பிவிடுவது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே றம்ஸீன் முடிவு செய்தார். அப்படியென்றால் நிய்யத்து முறிந்ததா, இல்லையா? மௌலவியிடம் கேட்கலாம் என்றாள் முஸ்பிறா. அவர் கேட்கப் போகவில்லை. கேட்டால் ஒரு பதில் கிடைத்துவிடும். இரவு நன்றாகச் சாப்பிட்டார். ஆதிலா அடுத்த நாள் கொண்டுவந்த கடதாசியில், கூலி என்ற இடத்தில் ‘மினாராவை அடுத்த தென்னையின் இளநீர்’ என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

நோன்புக்கு முந்திய வாரம் சாரம் எழுந்தது. வெயில் நல்ல வெயில். வயல் பக்கமிருந்து அறுவடை மெஷினின் சத்தம் வந்துகொண்டிருந்தது. மினாராவின் பச்சைப் பாசி சுரண்டப்பட்டு, மேல் பாதி வெள்ளையாகிவிட்டது. கொம்பனிக்கு அனுப்பப் படம் எடுக்க வந்த ஆதிலா, மூன்றாம் தட்டில் இளையதம்பி தூரிகையை வைத்துவிட்டு இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் குழாயில் மாட்டி, இழுத்துப் பார்த்து, கத்தியோடு வெளியே சாய்வதைக் கண்டாள்.

“காக்கா, கவர் பெயின்ட் அடிக்கத்தான். இளனி வெட்டுறதுக்கு இல்ல.”

“கூலி வாங்குறதும் வேலைக்குள்ளதானே மகள்?” என்றார் றம்ஸீன்.

அவள் குழாயில் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தாள். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டாள். படத்தை அவன் வெட்டி முடித்த பிறகு எடுக்கலாம்.

மேலே கத்தி வெட்டும் சத்தம் கேட்டது. ஹாஜியார் கீழே கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கி இடம் செய்தார். இளையதம்பி குலையைக் கயிற்றில் கட்டிக் கப்பி வழியாக இறக்கினான். அது பச்சையாக, பாரமாக, மெல்லச் சுற்றிக்கொண்டு, ஓட்டைத் தொடாமல் கூரையைத் தாண்டி வந்தது. றம்ஸீன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். குலை அவருடைய முகத்துக்கு நேராக வந்து ஒரு முறை திரும்பியபோது, ஒரு காயில் இளையதம்பியின் ஐந்து விரல்களும் ஈரம் காயாத வெள்ளைப் பெயின்டாகப் பதிந்திருப்பது தெரிந்தது.