காதோரம் காய்த்த மரம்

மரத்தை வெட்டச் சொன்ன மறு வருஷம், அதே மாதத்தில், தாவரவியலாளரின் இடது காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூ பூத்தது. இதழ்கள் சிறியவை, நூல் நூலாக மகரந்தத் தாள்கள்தான் ஏராளம். நாவலும் கொய்யாவும் கிராம்பும் சேர்ந்த குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. இலையைக் கசக்கினால் மணக்கும்; வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசித்துளைகள் போலத் தெரியும். அவர் தம் உள்ளங்கையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். புள்ளிகள் இருந்தன.

போன வருஷம் வெட்டிய அந்த மரத்தின் பட்டை கொய்யாப் பட்டைபோல உரிந்து வழுக்கியது, ஏறப் போட்ட கயிறு நிற்கவில்லை. பூவோ உச்சியில். புது இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், பூத்த கிளை ஒன்றை அழுத்தி உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி வைத்தாக வேண்டும்.

"நாலு நாள் பொறுங்க சார். தானா உதிரும், பொறுக்கிக்கலாம்" என்றார் மரமேறி.

"உதிர்ந்தா வெறும் நூல்தான்யா மிஞ்சும். வெட்டு. காட்டுல வேற மரமா இல்ல?"

இல்லை. பிறகு மலை மலையாகத் தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. ஆய்விதழில் அச்சான புது இன விவரிப்பில் காய் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றே நின்றுவிட்டது. அந்த ஒரு சொல் அவருக்குச் சாப்பாடு இறங்க விடவில்லை. வருஷா வருஷம் காதோரப் பூவை யாரும் பார்க்குமுன் கிள்ளி எறிந்தார். மனைவிக்குத் தலையணை உறைதான் கவலை. "ஏங்க, இந்தக் கறை துவைச்சாலும் போக மாட்டேங்குது. அந்தப் பக்கம் ஒருக்களிக்காதீங்க."

வேறொரு மரத்தின் கிளையோடு அலுவலகம் வந்த மரமேறி, அவர் கை காதோரப் பூவைக் கிள்ளப் போவதைப் பார்த்தார். "மறுபடியும் அவசரமா சார்? இந்தத் தடவையாவது விட்டு வைங்க."

விட்டு வைத்தார். ஜன்னல் வழியே தேனீக்கள் வந்தன. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நூல்கள் உதிர்ந்தன, பூவின் அடி பருத்தது. மாதங்கள் கழித்துக் கருநீலத்தில் ஒரு பழம் கனிந்தது. உள்ளே ஒரே விதை. மனைவி அதைப் பால்கனித் தொட்டியில் ஊன்றினாள்.

ஆய்விதழின் ஆசிரியருக்குக் காய் பற்றிய திருத்தம் போயிற்று: 'கிடைத்த இடம், ஒரே மரத்தை வெட்டியவரின் இடது காதுக்குப் பின்.' ஆசிரியர் திருப்பிக் கேட்டது ஒரே சந்தேகம்தான்: தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்?

மனைவி அளவுநாடாவை எடுத்து வந்தாள். "நிமிர்ந்து நில்லுங்க."

வருஷக்கணக்காகக் குனிந்தே நடந்தவர். கொஞ்ச நேரம் பிடித்தது.