முப்பத்தெட்டாவது ரெசிபி

லேபில் பல் செட் செய்கிறவருக்கு ஒரு பழக்கம். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் மறுபடி மறுபடி ராவிக்கொண்டே இருப்பார். அது பல்லோடு நின்றிருந்தால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. மச்சினி அவருடைய பிறந்தநாளுக்குக் கையால் அழுத்திப் போடும் காபிக் குழல் ஒன்றைக் கொடுத்தாள். வியாதி சமையலறைக்கும் பரவிவிட்டது.

சாமான் என்னவோ எளிதுதான். குழலில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, காகித வடிகட்டி வைத்த மூடியைத் திருகி, கோப்பைமேல் நிறுத்தி அழுத்த வேண்டும். கடைசியில் உஸ்ஸென்று காற்று வெளியேறும், அவ்வளவுதான். மனிதர் விடுவாரா? நீண்ட மூக்குக் கெண்டி வந்தது, குட்டித் தராசு வந்தது, வெப்பமானி வந்தது, உலோக வடிகட்டியும் வந்தது. குழலைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்த அன்று சுவரெல்லாம் காபி. ஒவ்வொரு ரெசிபிக்கும் நோட்டில் எண் போட்டு, எதிரே மனைவியின் தீர்ப்பை எழுதினார். முப்பத்தேழுக்கும் ஒரே தீர்ப்பு: பரவாயில்ல.

பொல்லாத சொல் அது. சுமாராக இருந்தாலும் பரவாயில்லதான், தெரியாமல் காலை மிதித்துவிட்டாலும் பரவாயில்லதான். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு 'நல்லாருக்கு'. மூன்று மாதம் முன்னால் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து அவள் சாப்பாட்டைக் கடனே என்றுதான் சாப்பிட்டாள். ஒரு வாய் காபியையாவது அவள் ரசித்துக் குடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

முப்பத்தெட்டாவது நாள் அவருக்கே அலுத்துவிட்டது. "இன்னைக்கும் பரவாயில்லன்னா இதை மூட்டை கட்டிடறேன். எனக்குக் கை வரலைன்னு ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"நல்லாருக்குங்க. ரொம்ப நல்லாருக்கு."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். அதன் பிறகுதான் தன் கோப்பையை வாயில் வைத்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் தேவலாம். திரும்பிப் பார்த்தார். செடிக்குப் போடக் காயவைத்து எடுத்து வைத்திருந்த பழைய காபிச் சக்கை டப்பா திறந்து கிடந்தது. காபித்தூள் டப்பா மூடியபடியே இருந்தது. பால் சேர்த்ததில் நிறமும் காட்டிக்கொடுக்கவில்லை.

டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது சக்கைம்மா. உனக்குத் தெரியலையா?"

அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சலுக்கப்புறம் வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. எல்லாம் வெந்நீர் மாதிரிதான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"முன்னெல்லாம் எழுந்ததும் லேபுக்கு ஓடிடுவீங்க. இப்பதான் காலையில அரைமணி நேரம் என்கூட நிக்கறீங்க. சொன்னா குழலைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவீங்களே."

அவருக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. வெந்நீரின் சூட்டைத் தினமும் அளந்தவர், எதிரே இருந்த முகத்தை ஒரு நாளாவது சரியாகப் பார்த்தாரா?

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். குழல் எங்கயும் போகாது" என்றார். "சரி, இதுல உனக்கு எதுதான் பிடிக்குது?"

"கடைசியில உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது."

குழலைக் கழுவி, இந்த முறை சரியான தூளைப் போட்டார். உள்ளங்கையை வைத்து, பல்லை அச்சில் பொருத்துகிற நிதானத்தோடு அழுத்தினார்.

"இன்னும் மெதுவா" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

லேபுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தது நொடியை எண்ணத்தான். முப்பத்தொன்பதுக்கு எதிரே 'உஸ், ஏழு நொடி' என்று எழுதினார். அவள் பேனாவை வாங்கிப் பக்கத்திலேயே தன் கையால் எழுதினாள்: பரவாயில்ல.