இடப்பக்கம் திரும்பினால் ஒரு சத்தம்

பல் டாக்டர் தன் பழைய காரை மறுபடியும் என் ஷெட்டுக்கு ஓட்டி வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நாலு வருடத்துக்கு முன்னால், இதே ஷெட்டில் வேலை முடிந்து போன மூன்றாம் நாள், முன்சக்கரம் ஸ்டியரிங்கோடு உறவை அறுத்துக்கொண்டு அவரை ஒரு மதில் சுவரில் கொண்டுபோய் மோதியது. வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் பல் பிடுங்குவதையே விட்டுவிட்டார். பார்ப்பார், திட்டுவார், அடைப்பார், அவ்வளவுதான்.

அந்த வண்டி வாசலில் வந்து நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா காலத்து வண்டி, ஆனால் நேற்றுப் பிறந்ததுபோல் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"சத்தம்ப்பா. இடது பக்கம் திரும்பினா முன்னாடி எங்கயோ டொக்குனு கேக்குது. போன மாசம் அடிப்பக்கம் பூரா தண்ணி அடிச்சு, பழைய கிரீஸெல்லாம் போகக் கழுவினேன். அதுலேர்ந்துதான். நாலு பேர் பாத்துட்டாங்க. உங்க காதுலதான் கோளாறுன்னு ஒருத்தன் சொல்லிட்டான்."

"எங்கிட்ட எப்படி டாக்டர் வர மனசு வந்துச்சு?"

"அன்னிக்கு நடந்தது உன் தப்பு இல்லையே. உன் மாப்பிள்ளை தப்பு. அவருதான் இப்ப இங்க இல்லையே."

இல்லைதான். என் தங்கையின் கணவர். பதினோரு வருடம் நானும் அவரும் ஒரே வண்டிக்கு அடியில் ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டு கிடந்தவர்கள். எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். நட்டை முடுக்கி, அது கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி வளைத்த பிறகு, முடுக்கியவர் அதன் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். என் நிறம் மஞ்சள், அவருடையது சிவப்பு. கோடு விழுந்த நட்டை மற்றவர் தொடக் கூடாது. ஒரு தடவை என் மஞ்சளை அவர் தொட்டுப் பார்த்துவிட்டார். என் வேலையையே சந்தேகப்படுகிறீர்களா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மதிலில் மோதிய வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, ஸ்டியரிங் கம்பியின் முனையில் நட்டு ஏறும் மரை மட்டும் இருந்தது, நட்டு இல்லை. தெருவெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. தெருவே கூடி நின்றது. அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உங்க மஞ்சள் இருந்துச்சு மச்சான். அதான் நான் தொடல."

"செய்யிறதையும் செஞ்சுட்டு பொய் வேறயா?"

முன்பக்கம் அவர் பொறுப்பு. நான் அதைத் தொட்டதாகவே எனக்கு நினைவில்லை. அதோடு விட்டேனா? அவரை வேலைக்குக் கேட்ட ஷெட்டுக்காரர்களிடமெல்லாம், கை சுத்தமில்லாத வேலைக்காரர் என்று சொல்லி வைத்தேன். ஒருவரும் சேர்க்கவில்லை. இப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகும் வண்டிகளின் நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறார். தங்கையும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். புருஷன் பக்கம் நிற்கிறாள், நிற்கட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். டாக்டரை ஓட்டச் சொல்லிவிட்டு முன்சீட்டில் தலைகீழாகக் குனிந்து காதைக் கொடுத்தேன். முதல் இடப்பக்கத் திருப்பத்திலேயே டொக். டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தால், பிளாஸ்டர் பல் செட் ஒன்று என்னைப் பார்த்து இளித்தது.

"அட, இத ஒரு வாரமா தேடிக்கிட்டு இருக்கேன்!" என்றார் டாக்டர்.

திருடனைப் பிடித்துவிட்ட பெருமையோடு பல் செட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் டொக். டாக்டர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்கு மானமே போயிற்று.

ஷெட்டுக்குத் திரும்பி, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் நுழைந்தேன். நீள ஸ்குரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே எறும்பு நடந்தாலும் கேட்கும். டாக்டர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்குள் ஏதோ உருண்டது. அது உள்ளே கூடான சட்டம், மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. கொக்கிக் கம்பியை விட்டுத் துழாவினேன். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு, கருப்பாக ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

நட்டு. ஸ்டியரிங் கம்பி நட்டு. தெருவில் தேடியது வண்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கழன்று மேல் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து, நாலு வருடம் கிரீஸில் புதைந்து கிடந்து, கழுவியதும் உருளத் தொடங்கியிருக்கிறது. மாப்பிள்ளையின் பொய்க்கு இதோ சாட்சி என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.

மஞ்சள்.

இன்னொரு தடவை துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். மஞ்சள் கோடு இன்னும் பளிச்சென்று ஆனது.

அப்போதுதான் அந்த மதியம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அந்த நட்டைக் கையால் ஏற்றினேன். பெயிண்ட் டப்பா மூடியில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. காய்ந்து வீணாகிவிடுமே என்று முதலில் கோட்டைப் போட்டேன். ஸ்பேனரும் பின்னும் அப்புறம் என்று நினைத்தபோது போன் அடித்தது. எழுந்து போனேன். திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை வந்திருக்கிறார், மஞ்சளைப் பார்த்திருக்கிறார், தொடாமல் விட்டிருக்கிறார். தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

"என்னப்பா, கெடச்சுதா?" வெளியே டாக்டரின் செருப்பு மட்டும் தெரிந்தது.

தலைமாட்டில் பழைய நட்டு டப்பா இருந்தது. அதில் போட்டுவிட்டால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று, யாருக்கும் தெரியாது. பொய் சொல்லாமல் சொல்கிறேன், என் கை டப்பா வரைக்கும் போனது.

"உன் மாப்பிள்ளை விட்டுட்டுப் போன வேலைதானா இதுவும்?" என்றார் டாக்டர்.

என்னால் முடியவில்லை. வெளியே ஊர்ந்து வந்து, நட்டை அவரிடம் நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நட்டையும் பார்த்தார், தன் மணிக்கட்டையும் பார்த்தார். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

"அப்ப அந்த மனுஷன் சொன்னது நெசம்," என்றார் மெதுவாக. "ஏறு வண்டியில."

தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஏழு இடப்பக்கத் திருப்பங்கள். ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. ஒவ்வொன்றிலும், டாக்டர் திருப்பிக் கொடுத்த நட்டைக் கைக்குள் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் மாப்பிள்ளை நோட்டோடு எழுந்து வந்தார். என்னைப் பார்க்கும் முன் வண்டியைத்தான் பார்த்தார். பேனா அப்படியே நின்றது. நான் இறங்கி உள்ளங்கையை விரித்தேன்.

"மாப்ள, சட்டத்துக்குள்ள கெடந்துச்சு. என் மஞ்சள்தான். நீங்க பொய் சொல்லல."

அவர் நட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

"நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களா மச்சான், நான் பாத்தது எனக்கே சந்தேகமாயிடுச்சு. இந்தக் கைய நம்பி பாப்பாவோட சைக்கிள்ல ஒரு நட்டுகூட முடுக்கினதில்ல. பஞ்சர் கடையிலதான் குடுப்பேன்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"தங்கச்சி எம்மேல கோவமா இருக்கறது நியாயந்தான்," என்றேன்.

மாப்பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"கோவமா? எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு அன்னிக்கே சொல்லிட்டா. எம்புருஷன் இப்படிப் பண்ணிட்டாரேன்னு வெக்கப்பட்டுக்கிட்டுதான் உங்க முகத்துல முழிக்காம இருக்கா."

நட்டை என் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடினார்.

"இத நான் கொண்டுபோய் காட்டினா நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க."