இருக்கை நிச்சயமில்லாத புழு

எங்கள் கடலுயிர்க் காப்பகத்தில் எல்லா உயிரினங்களும் குடும்பம் குடும்பமாகப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கு எந்தப் பெஞ்சு என்று பார்த்து உட்கார வைப்பது என் வேலை. நண்டுகளுக்கு ஜன்னலோரம். சங்குகளுக்குக் கனமான தேக்குப் பெஞ்சு. கடல் வெள்ளரிகளின் பெஞ்சுக்கு முதுகுப் பலகை கிடையாது, அவை சாய்வதில்லை. பதினான்கு வருடங்களில் ஓர் உயிரினத்தைக்கூட நான் நிற்க வைத்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, சங்கு குளிக்கும் ரெமிஜியுஸ் ஒரு புழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்கை நீளம், வெந்தய நிறம். ஒரு பக்கம் மட்டும் ஏழு கண்கள்.

நான் பதிவேட்டைத் திறந்து, "என்ன குடும்பம்?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றது புழு.

"வழியெல்லாம் நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன். தெரியலன்னே சொல்லுது. அடியில தனியா சுத்திக்கிட்டு இருந்துச்சு, மனசு கேக்கல" என்றார் ரெமிஜியுஸ்.

குடும்பம் தெரியாதவர்களை டாக்டர் ஜெசிந்தாவிடம் அனுப்புவது வழக்கம். புழுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர். பத்தொன்பது புழுக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாரோ அதை மட்டும் எழுதுவார்; அதனால் அவருடைய கட்டுரைகள் சின்னதாக இருக்கும்.

அவர் புழுவை முதலில் சுணைப்புழுக்களின் பெஞ்சுக்கு அழைத்துப் போனார். உடம்பில் ஒரு சுணைகூட இல்லை. வேர்க்கடலை போலிருக்கும் கடலைப்புழுக்களின் பெஞ்சுக்குப் போனார். அவற்றுக்கு உடம்பில் வளையங்கள் கிடையாது. இதற்கு நாற்பத்திரண்டு இருந்தன. இப்படி ஒவ்வொரு பெஞ்சாக மூன்று மாதம் போயிற்று. அதுவரை புழு நடைபாதையில் நின்றது. சாயங்காலம் ஆனால் சுவரில் சாய்ந்துகொள்ளும். நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசியில் ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. இருக்கை இல்லாத உயிரினம் கட்டடத்தில் இருந்தால், அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று குழு எழுதிவிடும். எழுதியவுடன் அப்படியே ஆகிவிடும். ரெமிஜியுஸுக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் இருக்காது. கடலில் புழு இருந்த இடத்தைத் தண்ணீர் மூடிக்கொள்ளும்.

இயக்குநர் குற்றாலலிங்கம் என்னையும் ஜெசிந்தாவையும் கூப்பிட்டார். இரக்கமுள்ள மனிதர்.

"சுணைப்புழு பெஞ்சுல ஓரமா உட்கார வெச்சிடுங்க மேடம். அவங்களே தள்ளி உட்காந்து இடம் விட்டிருக்காங்க."

"உட்கார வெச்சா அது சுணைப்புழுன்னு ஆயிடும் சார். நாளைக்கு எந்த ஊர்லயோ ஒருத்தி என் கட்டுரையப் படிச்சிட்டு, இல்லாத சுணையத் தேடியே காலத்தப் போக்குவா."

"அப்ப அது நிக்கட்டும்ங்கிறீங்களா?"

ஜெசிந்தா எழுந்தார். நடைபாதைக்கு வந்து புழுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கால் வலிக்குதா?"

"காலே இல்ல. ஆனா வலிக்குது."

"உங்கள எங்க சேர்க்கணும்னு எனக்குத் தெரியல. நானா ஒரு பெஞ்சச் சொல்லிடலாம். சொல்லட்டுமா?"

புழு ஏழு கண்களையும் ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொன்றாகத் திறந்தது.

"வேண்டாம். சுணைப்புழுங்க நல்லவங்கதான். ஆனா அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னே எனக்குப் புரியல."

அன்று மாலையே ஜெசிந்தா கட்டுரையை எழுதி முடித்தார். குடும்பப் பெயர் வரவேண்டிய இடத்தில், ஆங்கிலத்துக்கு நடுவே, இரண்டு லத்தீன் சொற்கள் இருந்தன: இன்செர்டே செடிஸ். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"இருக்கை நிச்சயமில்லை."

"இப்ப யாரும் பேசாத பாஷையாச்சே, மேடம்?"

"அதனாலதான் தாணு சார். பேசிப் பேசி யாரும் அதோட அர்த்தத்த மாத்திட மாட்டாங்க."

அந்த இரண்டு சொற்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் உயிரினமானாலும் நூறானாலும் அவை மாறுவதில்லையாம். அவற்றில் மன்னிப்புக் கேட்கிற தோரணை இல்லை. தோற்றுப்போனேன் என்றும் சொல்லவில்லை. இதுவரை பார்த்தேன், இதற்கு மேல் தெரியவில்லை, அடுத்து வருகிறவர் பாருங்கள் என்று ஒரு பெரிய மனுஷி கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. என் பதிவேட்டில் பதினான்கு வருடமாக நான் எழுதிய எதுவும் இவ்வளவு நேர்மையாக இல்லை.

கட்டுரை அச்சான எட்டாம் நாள் புழுவுக்கு ஒரு பெஞ்சு வந்தது. பார்சல் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒருவர் உட்காரும் அளவு, வெளிர் மரம், நல்ல வேலைப்பாடு. எங்கே போடுவது என்று கேட்டதற்கு, எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்றார்கள். படிக்கட்டின் அருகில் போட்டோம். தேநீர் வேளையில் அது நண்டுகளுக்கும் சங்குகளுக்கும் நடுவில் இருந்தது. அரை மணி கழித்து இயக்குநர் அறை வாசலில்.

புழு, பெஞ்சு நின்ற இடம்வரை ஊர்ந்து போய் உட்கார்ந்தது. முதலில் விளிம்பில், பிறகு நன்றாகப் பின்னால் தள்ளி. சுணைப்புழுக்கள் அதற்காக விட்டிருந்த இடத்தை மெதுவாக மூடிக்கொண்டன. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆய்வுக் குழு வந்தபோது பெஞ்சைத் தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. மொட்டைமாடியில் வெயிலில் இருந்தது. புழு அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் பதிவேட்டில் நான் எழுதியிருந்த அந்த இரண்டு சொற்களையும் இரண்டு முறை வாசித்தார். பிறகு சத்தம் வராமல் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகு இயக்குநர் கேட்டார்: "தெரியாத எல்லாத்துக்கும் இனி இதையே எழுதிடலாமா மேடம்?"

"எல்லாப் பெஞ்சையும் தேடிப் பாத்ததுக்கு அப்புறம் எழுதலாம் சார்."

அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து மத்தியானங்களில் அவரே பூதக்கண்ணாடியோடு பெஞ்சு பெஞ்சாகப் போக ஆரம்பித்தார்.

கார்த்திகையில் ஜெசிந்தாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய கட்டுரையை ஒரு தீவு படித்திருக்கிறது. எந்தக் கண்டத்தில் சேர்ப்பது என்று இருநூறு வருடமாகத் தீராத சின்னத் தீவு. ஒரு கலங்கரை விளக்கமும் நாற்பது ஆடுகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை அங்கிருந்து எங்கள் காப்பகத்துக்குக் கிளம்புகிறதாம்.

"ஆடுங்களுக்குத் தீவனம் சொல்லணும்" என்றார் இயக்குநர்.

நான் ரெமிஜியுஸை அழைத்துக்கொண்டு துறைமுகச் சாலைக்குக் கயிறு வாங்கப் போனேன். கடைக்காரர், கட்டப்போவது ஆண் தீவா பெண் தீவா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, உள்ளேபோய் எடுத்து வந்தார்.